கேளுங்க, சொல்றேன்: பழைய ஃபோனுக்கு அப்டேட் யார் குடுக்கணும்?

ரெண்டு இதழுக்கு முன்னாடி "பழைய ஃபோனை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டறது எப்படி"ன்னு நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்ஆப் மெசேஜும் பாத்தா சென்னைல பாதி வீட்டுல ஒரு பழைய ஃபோன் டிவி ஸ்டாண்டு மேல சார்ஜ் ஏறிட்டே இருக்கும் போல. கேள்வி எல்லாம் வேற வேற மாதிரி இருந்தாலும் அடில ஒரே புலம்பல்தான், யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கை காட்டறான்னு. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே. பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

வில்லிவாக்கத்திலேர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர்: என் ஃபோன் 2018ல வாங்கினது, ஆண்ட்ராய்டு 8. ஃபயர்ஃபாக்ஸ்ல விளம்பரத்தைத் தடுக்கற ஒரு ஆட்-ஆன் பையன் போட்டுக் குடுத்தான், பேப்பர் படிக்க சௌகரியமா இருந்தது. 2025 மார்ச் நடுவுல ஒரு நாள் காலைல தொறந்தா அது தானா ஆஃப் ஆகிக் கிடக்கு, நான் எதையும் தொடலை. சர்வீஸ் சென்டர்ல போய்க் கேட்டா "அது பிரவுசர்காரங்க வேலை சார்"ங்கறாங்க. பையன் பெங்களூர்லேர்ந்து "ஃபோன் பழசுப்பா, புதுசு வாங்கு"ங்கறான். இப்போ குரோமும் அப்டேட் வர்றது நின்னு போச்சு. பிளகின், பிரவுசர், ஃபோன், இதுல யாருதான் பொறுப்பு?

சார், வணக்கம். உங்க கேள்வில ரெண்டு தனித்தனி வியாதி இருக்கு, ரெண்டும் ஒரே ஃபோன்ல வந்ததால ஒண்ணு மாதிரி தெரியுது. முதல்ல பொதுவா சொல்லிடறேன். ஃபிளாட்ல குழாயைத் தொறந்தா தண்ணி வரலைன்னு வெச்சுக்குங்க. வாஷர் போயிருந்தா நம்ம செலவு, பிளம்பரைக் கூப்பிடணும். செவுத்துக்குள்ள போற பைப் அடைச்சிருந்தா அசோசியேஷன்ல ஒரு சண்டை. மோட்டார் போயிருந்தா செக்ரெட்டரி. தெருவுல மெயின்லயே வரலைன்னா லாரி புக் பண்ணணும். வீட்டுக்குள்ள நிக்கறவருக்கு எல்லாம் ஒண்ணுதான், பக்கெட் காலி. ஃபோன்லயும் அதே கதை. ஆட்-ஆன்ங்கறது பிரவுசர் மேல ஒட்டிக்கற குட்டி புரோகிராம், நீங்க பிளகின்னு சொன்னதும் சிலர் எக்ஸ்டென்ஷன்னு சொல்றதும் அதான்; அதை எழுதறது யாரோ ஒருத்தர், பல சமயம் சம்பளம் இல்லாம ராத்திரில உக்காந்து எழுதறவர். அதை ஓட்டற பிரவுசர் வேற கம்பெனி. பிரவுசர் உக்காந்திருக்கற ஆண்ட்ராய்டை கூகுள் எழுதறாங்க, ஆனா உங்க மாடலுக்கு ஏத்த மாதிரி தச்சுக் குடுக்க வேண்டியது ஃபோன் கம்பெனி. அந்த ஃபோன் கம்பெனிக்கும் கீழ சிப் செஞ்ச கம்பெனி ஒண்ணு இருக்கு, அவங்க அந்தப் பழைய சிப்புக்கு சாஃப்ட்வேர் குடுக்கறதை நிறுத்திட்டா ஃபோன் கம்பெனி நெனச்சாலும் அடுத்த ஆண்ட்ராய்டுக்குத் தாண்டறது பெரும்பாடு.

இப்போ உங்க ஆட்-ஆன். அது ஏன் செத்துச்சுன்னு தெளிவா சொல்லிடலாம். ஃபயர்ஃபாக்ஸ் எந்த ஆட்-ஆனையும் சும்மா உள்ள விடாது, அந்த பிரவுசரைச் செய்யற மொஸில்லாவோட கையெழுத்து இருக்கான்னு பாக்கும், அந்தக் கையெழுத்து சரியான்னு பாக்க பிரவுசருக்குள்ளயே ஒரு ரூட் சர்டிபிகேட் இருக்கு. அதுக்கும் காலாவதி தேதி உண்டு. பழைய வெர்ஷன்ல இருந்த சர்டிபிகேட் 2025 மார்ச் 14ஆம் தேதி காலாவதி ஆச்சு. புது சர்டிபிகேட்டை 2024 ஜூலைல வந்த 128ஆவது வெர்ஷன்லயே வெச்சுட்டாங்க, அதுக்குக் கீழ இருந்தவங்களுக்கு மார்ச்ல ஆட்-ஆன் எல்லாம் படுத்துடுச்சு. அதாவது உங்க ஃபயர்ஃபாக்ஸ் எட்டு மாசத்துக்கு மேல அப்டேட் ஆகாமலே இருந்திருக்கு. ஆண்ட்ராய்டு 8க்கு அந்த வெர்ஷன் தாராளமா கிடைச்சது, உங்க ஃபோன் பழசுங்கறது இதுக்குக் காரணமே இல்ல. சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது இந்த ஒரு விஷயத்துல பாதி சரி, பையன் சொன்னது முழுக்க தப்பு. (அவர்கிட்ட நான் சொன்னதா சொல்லிடாதீங்க.)

அப்புறம் ஏன் அப்டேட் ஆகலை? நான் பாத்த வரைக்கும் பத்து ஃபோன்ல எட்டு ஃபோன்ல ரெண்டே காரணம்தான். ஒண்ணு, பிளே ஸ்டோர்ல தானா அப்டேட் ஆகற செட்டிங் "வைஃபைல மட்டும்"னு இருக்கும். உங்க வீட்டுல வைஃபை இல்ல, ரீசார்ஜ் டேட்டாதான்னா அந்த ஃபோன் வைஃபைக்காக வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கும், யார்கிட்டயும் சொல்லவும் சொல்லாது. ரெண்டாவது, ஸ்டோரேஜ் ரொம்பியிருக்கும். 16 ஜிபி ஃபோன்ல குட்மார்னிங் போட்டோவே 5 ஜிபி. பிளே ஸ்டோர் அப்டேட் பண்ணப் பாக்கும், எடம் பத்தாது, பேசாம விட்டுடும். அதனால மொதல்ல குடும்ப குரூப் படத்தையெல்லாம் கொஞ்சம் கழிச்சுட்டு, பிளே ஸ்டோர் செட்டிங்ல நெட்வொர்க்குங்கற எடத்துல "எந்த நெட்வொர்க்லயும்"னு மாத்திட்டு, ஃபயர்ஃபாக்ஸை அப்டேட் குடுங்க. தயவுசெஞ்சு அழிச்சுட்டுத் திரும்பப் போடாதீங்க, புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அதோட போயிடும். அப்டேட் ஆனதும் ஆட்-ஆன் தானா எழுந்துக்கும்.

ஆக இதுல பொறுப்பு யாரு? ஆட்-ஆன் எழுதினவர் இல்ல, அவர் ஒரு தப்பும் பண்ணலை. மொஸில்லா முன்னாடியே சொல்லிட்டாங்க, மாத்தும் குடுத்துட்டாங்க. ஃபோன் கம்பெனிக்கு சம்பந்தமே இல்ல. மிச்சம் இருக்கறது, மன்னிக்கணும் சார், நம்ம வீடுதான். அதுலயும் உங்களைச் சொல்ல மாட்டேன், போட்டுக் குடுத்துட்டு பெங்களூர் போன உங்க பையனைத்தான் சொல்லுவேன். வயசானவங்க ஃபோன்ல ஒரு ஆட்-ஆன் போட்டுக் குடுக்கறவங்க வருஷத்துக்கு நாலு தடவை அதைத் தொறந்தும் பாக்கணும், பொங்கலுக்கு வரும்போது அரை மணி நேரம் போதும்.

குரோம் நின்னது வேற வியாதி. ஆண்ட்ராய்டு 8க்கும் 9க்கும் கடைசி குரோம் 138ஆவது வெர்ஷன், 139லேர்ந்து ஆண்ட்ராய்டு 10 வேணும். 2025 ஆகஸ்ட்லேர்ந்து இதான் நெலமை. இதுக்கு முன்னாடி ஆண்ட்ராய்டு 7 வெச்சிருந்தவங்களுக்கு 119ஓட கதவை சாத்தினாங்க. இதுல நீங்க என்ன செட்டிங் மாத்தினாலும் ஒண்ணும் நடக்காது, ஆண்ட்ராய்டு 10ஐ உங்க மாடலுக்குத் தச்சுக் குடுத்திருக்க வேண்டியது ஃபோன் கம்பெனி, அவங்க குடுக்கலை. இன்னொரு சங்கடம் என்னன்னா ஆண்ட்ராய்டு 7, 8, 9ல மத்த ஆப்புக்குள்ள தொறக்கற வெப் பக்கத்தையும் குரோம்தான் காட்டுது, அதனால நியூஸ் ஆப்புக்குள்ள ஒரு லிங்க்கைத் தட்டினாலும் அதே 138தான். படிக்கறதுக்கு ஃபயர்ஃபாக்ஸை வெச்சுக்குங்க, அது தன்னோட இன்ஜினை, அதாவது பக்கத்தைக் காட்டற உள்பாகத்தை, தானே தூக்கிட்டு வர்ற பிரவுசர், ஆண்ட்ராய்டு நின்னாலும் அது கொஞ்ச தூரம் நடக்கும். பேங்க் வேலையை மட்டும் இந்த ஃபோன்ல பண்ணாதீங்க சார்.

வியாசர்பாடி, காலேஜ் ரெண்டாம் வருஷம்: அம்மா ஃபோன்ல சீரியல் பாக்க ஏதோ ஒரு சைட்டுக்குப் போனாங்க, "உங்க ஃப்ளாஷ் பிளேயர் பழசாயிடுச்சு, உடனே அப்டேட் பண்ணவும்"னு செவப்புல வந்துச்சு, அம்மா அழுத்திட்டாங்க, ஏதோ ஃபைல் இறங்குச்சு, இன்ஸ்டால் பண்றதுக்குள்ள நான் பிடுங்கிட்டேன். அண்ணா, ஃப்ளாஷ் அப்டேட் நிஜமாவே வருமா? வந்தா யார் அனுப்புவாங்க?

யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா, ஏன்னா அனுப்பறதுக்கு ஆளே இல்ல. பிடுங்கினது நல்ல காரியம்.

இந்த ஃப்ளாஷ் கதை உனக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, வெப் பக்கத்துல வீடியோ ஓட்ட அடோபி கம்பெனி குடுத்த பிளகின் அது. 2010ல ஆண்ட்ராய்டு 2.2 வந்தப்போ ஃபோன்ல ஃப்ளாஷ் 10.1 ஓடும்ங்கறதே பெரிய விளம்பரம், ஐபோன்ல ஓடாது, எங்கள்ல ஓடும்னு. அதே வருஷம் ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன்ல ஃப்ளாஷை ஏன் விட மாட்டேன்னு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார், பேட்டரி தின்னும், செக்யூரிட்டி ஓட்டைன்னு. ரிச்சி ஸ்ட்ரீட்ல அப்போ நான் ஒரு கடைல வேலை பாத்துட்டு இருந்தேன், "ஃப்ளாஷ் வீடியோ ஓடுமா"ன்னு கேட்டுட்டுத்தான் ஃபோனே எடுப்பாங்க. 2011 நவம்பர்ல அடோபியே மொபைல் ஃப்ளாஷுக்கு முழுக்கு போட்டுட்டாங்க, 2012 ஆகஸ்ட் 15லேர்ந்து பிளே ஸ்டோர்ல புதுசா எடுக்க முடியாமப் போச்சு. 2013ல வந்த ஆண்ட்ராய்டு 4.4ல அந்த மாதிரி பிளகின் மாட்டற எடத்தையே எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் கொஞ்ச நாள் இழுத்துட்டு இருந்து 2020 டிசம்பர் 31ஓட ஆதரவு முடிஞ்சுது, 2021 ஜனவரி 12லேர்ந்து அந்த பிளேயரே படத்தைக் காட்ட மாட்டேன்னு நின்னுடுச்சு.

அதனால இன்னைக்குத் தேதிக்கு ஃப்ளாஷ் அப்டேட்னு எது வந்தாலும் அது திருட்டுதான், இதுல யோசிக்கவே வேண்டாம். செத்தவர் பேர்ல ரேஷன் வாங்கற மாதிரி. ஆனா ஒண்ணு பாரு, அந்தக் காலத்து ஃபோன் வெச்சிருந்தவங்களுக்கு "அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணு"ன்னு நாமதான் சொல்லிக் குடுத்தோம், அந்தப் பழக்கத்தைத்தான் இவனுங்க திருடறானுங்க.

இப்போ செய்ய வேண்டியது: டவுன்லோட்ஸ்ல போய் அந்த ஃபைலை அழிச்சுடு. பிரவுசர் செட்டிங்ல நோட்டிஃபிகேஷன் எந்தெந்த சைட்டுக்கு அனுமதி இருக்குன்னு பாத்துத் தெரியாததை எல்லாம் நிறுத்து. "தெரியாத ஆப்பை இன்ஸ்டால் பண்ண" அனுமதி பிரவுசருக்குக் குடுத்திருந்தா அதையும் எடுத்துடு. பிளே ஸ்டோர்ல பிளே புரொடெக்ட்னு இருக்கும், ஒரு ஸ்கேன் ஓட்டு. இன்ஸ்டால் ஆகலைங்கறதால பயப்பட ஒண்ணுமில்ல. மத்தவங்களுக்கும் சொல்றேன், இன்ஸ்டால் ஆகிப் பணம் போயிருந்தா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்தப் பணத்தை நடுவழில நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

மேற்கு மாம்பலம், இல்லத்தரசி: ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூன்னு ஒரு ஆப் அப்டேட் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் போட்டதே இல்ல. தூக்கிடலாமா?

வேண்டாம்மா. அதுக்குன்னு தனியா ஐகான் கிடையாது, ஆனா மத்த ஆப்புக்குள்ள வெப் பக்கம் தொறக்கற ஜன்னல் அதுதான். இது ஒரு காலத்துல ஆண்ட்ராய்டோடயே ஒட்டிட்டு இருந்தது, ஓட்டை விழுந்தா ஃபோன் கம்பெனி மொத்த அப்டேட்டும் அனுப்பினாத்தான் அடைக்க முடியும். 2014ல வந்த ஆண்ட்ராய்டு 5லேர்ந்து பிளே ஸ்டோர் வழியாவே தனியா அப்டேட் ஆக ஆரம்பிச்சுது, அது பெரிய நிம்மதி. 2015 ஜனவரில, ஆண்ட்ராய்டு 4.3க்கும் அதுக்குக் கீழயும் இருக்கற வெப்வியூவை இனிமே நாங்க சரி பண்ண மாட்டோம்னு கூகுள் சொன்னது தெரிய வந்து பெரிய கலாட்டா ஆச்சு, ஏன்னா அப்போ பாதி உலகம் அதுலதான் இருந்தது. எழுதினவங்களே கை விரிச்சா ஃபோன் கம்பெனி என்ன பண்ணும், ஒண்ணும் பண்ணலை.

அப்டேட் பண்றதுலயும் சில சமயம் ஆப்பு வரும், மறைக்க மாட்டேன். 2021 மார்ச்ல வெப்வியூவோட ஒரு அப்டேட் கோளாறாகி, உலகம் முழுக்க ஜிமெயில்லேர்ந்து பேங்க் ஆப் வரைக்கும் தொறந்த வேகத்துல மூடிக்கிச்சு. அன்னைக்கு என் போன் ஓயவே இல்ல, "வெப்வியூ அப்டேட்டை எடுத்துடுங்க"ன்னு ஒரே மந்திரம் சொல்லிட்டு இருந்தேன், ஒண்ணு ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாங்க. அது ஒரு தடவை. அதுக்காக அப்டேட்டே வேண்டாம்னு விடறது, ஒரு நாள் பால் திரிஞ்சதுக்கு மாட்டையே வித்த கதை.

உங்க ஃபோன் ஆண்ட்ராய்டு 7, 8, 9ன்னா வெப்வியூ "முடக்கப்பட்டது"ன்னு காட்டலாம், அதைப் பாத்தும் பதறாதீங்க, அந்த வேலையை குரோம் பாத்துட்டு இருக்கும்.

அடையாறு: ஐபோன்காரங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லையாமே?

தலை ஒண்ணுதான்ங்கறதால வலியும் ஒரே எடத்துல. ஃபோன், சிஸ்டம், பிரவுசர் மூணும் ஒரே கம்பெனி, அதனால யார் பொறுப்புங்கற கேள்வியே எழாது, ஆப்பிள்தான். 2013ல வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரில கூட ஒரு செக்யூரிட்டி அப்டேட் அனுப்பினாங்க, அதைப் பாராட்டாம இருக்க முடியாது, ஆண்ட்ராய்டு பக்கம் பத்து வருஷம்ங்கறதை நான் பாத்ததில்ல. எக்ஸ்டென்ஷன்னா ஐஓஎஸ் 15லேர்ந்து சஃபாரிக்கு ஆப் ஸ்டோர் வழியாவே வருது, மத்த ஆப் மாதிரியே அப்டேட் ஆகிடும்.

ஆனா மறுபக்கம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல ஐபோன்ல குரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் உள்ள ஓடறது ஆப்பிளோட வெப்கிட்தான், சட்டை மட்டும் வேற. அந்த இன்ஜின் ஐஓஎஸ் அப்டேட்டோடதான் வரும். வில்லிவாக்கம் சாருக்கு நான் சொன்னேனே, குரோம் நின்னா ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுங்கன்னு, அந்தப் பின்வாசல் ஐபோன்ல கிடையாது. ஐஓஎஸ் நின்ன அன்னைக்கு எல்லா பிரவுசரும் சேந்து நிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை வெச்சிருக்கறவர்: அண்ணே, நாங்க செகண்ட்ஸ் ஃபோன் விக்கறோம். டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் பாத்து பில்லு போட்டுத்தான் குடுக்கறோம். ஆறு மாசம் கழிச்சு வந்து "பிரவுசர் அப்டேட் ஆகலை, பேங்க் ஆப் ஓடலை, ஏமாத்திட்டே"ன்னு கத்தறாங்க. அதுக்கும் நாங்கதான் பொறுப்பா? நீங்களும் இந்தத் தெருவுல இருந்தவர்தானே, சொல்லுங்க.

இருந்தவன்தான் தம்பி, அதனாலதான் கொஞ்சம் கடுமையா சொல்லப் போறேன், கோச்சுக்காத.

அப்டேட் குடுக்கறது உன் பொறுப்பு இல்ல. ஆனா அப்டேட் எப்போ நிக்கும்னு, இல்ல ஏற்கனவே நின்னுடுச்சுன்னு சொல்றது உன் பொறுப்பு. ஆண்ட்ராய்டு 8 ஃபோனை எடுத்துக் குடுக்கும்போது "சூப்பர் பீஸு, ஸ்க்ராட்ச் இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு, குரோம் நின்னு போச்சுங்கறதை விழுங்கிடறோம் பாரு, அங்கதான் கஸ்டமருக்கு வயிறு எரியுது. செட்டிங்ஸ்ல ஃபோனைப் பத்திங்கற எடத்துல போனா ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குப் பக்கத்துல செக்யூரிட்டி அப்டேட்டோட தேதி இருக்கும். அது ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் பழசுன்னா அந்த மாடலைக் கம்பெனி கை கழுவிடுச்சுன்னு ஏறக்குறைய முடிவு பண்ணிக்கலாம். அந்தத் தேதியை பில்லு பின்னாடி எழுதிக் குடு. நாலு கஸ்டமர் வாங்காமப் போவான், சரி. மிச்சம் பேர் திரும்பி வந்து கத்த மாட்டான்.

இப்போ உன் பக்கத்துக்கு வர்றேன். நீ எங்கேர்ந்து தெரிஞ்சுப்ப, அதான் கேள்வி. ஒரு ஆவின் பாக்கெட்டை எடு, தேதி அடிச்சிருக்கும். ஃபோன் டப்பாவைப் பாரு, எம்ஆர்பி இருக்கு, எந்த மாசம் எந்த வருஷம் தயாரிச்சதுன்னு இருக்கு, கஸ்டமர் கேர் நம்பர் இருக்கு, சட்டப்படி போட்டே ஆகணும். எந்தத் தேதி வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்ங்கறது மட்டும் அதுல இருக்காது. அரை லிட்டர் பாலுக்கு உள்ள மரியாதை இருபதாயிரம் ரூபா சாமானுக்கு இல்ல. இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 29லேர்ந்து, நெட்ல சேர்ற சாமான் விக்கற கம்பெனிங்க குறைஞ்சபட்சம் எது வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் குடுப்போம்னு வெளிப்படையா சொல்லணும்னு சட்டமே ஆக்கிட்டாங்க, ஃபோனும் அதுல அடக்கம். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20லேர்ந்து ஃபோனுக்குத் தனி விதி வந்திருக்கு, விற்பனையை நிறுத்தின அப்புறமும் அஞ்சு வருஷத்துக்கு அப்டேட்ங்கறது அதுல இருக்கு. இதெல்லாம் சும்மா வரலை. 2016ல நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் ஒண்ணு, ஃபோனுக்கு ஒழுங்கா அப்டேட் குடுக்கலைன்னு சாம்சங் மேல கேஸ் போட்டாங்க, 2018ல கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. சட்டத்துல எழுதி வைக்காம கோர்ட்டுக்குப் போனா எப்படி இருக்கும்ங்கறதுக்கு அது உதாரணம்.

கம்பெனிங்களும் இப்போ கொஞ்சம் எறங்கி வந்திருக்காங்க. 2023ல தன்னோட பிக்சல் 8 ஃபோனுக்கு ஏழு வருஷம் அப்டேட்னு கூகுள் சொன்னாங்க, 2024 ஜனவரில எஸ்24க்கு சாம்சங்கும் ஏழுன்னாங்க. ஆனா அந்த ஏழு, மாடல் வெளிய வந்த நாள்லேர்ந்து எண்ணறது, நீ வாங்கின நாள்லேர்ந்து இல்ல. ஆடித் தள்ளுபடில ரெண்டு வருஷம் பழைய மாடலை வாங்கினா கைல மிச்சம் அஞ்சுதான். அதோட இந்த ஏழெல்லாம் விலை ஜாஸ்தியான ஃபோனுக்கு. உன் கடைல அதிகம் போற எட்டாயிரம், பத்தாயிரம் ஃபோனுக்கு இவ்ளோ தாராளம் கிடையாது. அப்டேட்டை நம்பி இருக்கறவன் அந்த ஃபோன் வெச்சிருக்கறவன்தான், ஏன்னா அவன்கிட்ட வேற கம்ப்யூட்டர் இல்ல, கேஸ் புக் பண்றதுலேர்ந்து புள்ள ஸ்காலர்ஷிப் வரைக்கும் எல்லாம் அதுலதான். என்னைக் கேட்டா பெரிய பொறுப்பு ஃபோனை வித்த கம்பெனிக்குத்தான், சும்மா அப்டேட் குடுன்னு இல்ல, தேதியை டப்பா மேல போடு, போட்டதைக் காப்பாத்து, அவ்ளோதான். அது வர்ற வரைக்கும் உன் கைல பேனா இருக்கு, பில்லு பின்னாடி எழுது.

திருவொற்றியூர்: ஆண்ட்ராய்டு 6 ஃபோன். சில வெப்சைட் மட்டும் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல"ன்னு வருது, சிலது நல்லா வருது. சைட்காரங்க தப்பா, என் ஃபோன் தப்பா?

மொதல்ல ஃபோன்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பேட்டரி சுத்தமா எறங்கி ஏறின பழைய ஃபோன்ல தேதி எங்கயோ போயிருக்கும், அதுக்கே இந்த எச்சரிக்கை வரும்.

தேதி சரின்னா விஷயம் இது: வெப்சைட் பூட்டுக்கு சான்று குடுக்கறவங்க பட்டியல் ஒண்ணு ஃபோனுக்குள்ள இருக்கு, ஃபோனைத் தயாரிக்கும்போது போட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட்னு ஒரு அமைப்பு இலவசமா சான்று குடுக்கறாங்க, ஏகப்பட்ட சைட் அதுலதான் ஓடுது. அவங்களோட சொந்த ரூட் சர்டிபிகேட், ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முன்னாடி வந்த ஃபோன்ல இல்ல. வேற ஒரு பழைய கம்பெனியோட சிபாரிசுல உள்ள போயிட்டு இருந்தாங்க, அந்த சிபாரிசு சர்டிபிகேட் 2021 செப்டம்பர் 30ல காலாவதி. பழைய ஃபோன்காரங்களை விட்டுட மனசில்லாம ஒரு ஏற்பாடு பண்ணி இன்னும் மூணு வருஷம் இழுத்தாங்க, 2024 செப்டம்பர் 30ஓட அதுவும் முடிஞ்சுது. அதனாலதான் சிலது வருது, சிலது வரலை. சைட் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் இல்ல. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே வெச்சிருக்கும், உங்க ஃபோனுக்கு எது கடைசியா கிடைக்குதோ அந்த வெர்ஷனைப் போட்டா படிக்கலாம். "பரவாயில்லை, தொடரு"ன்னு எச்சரிக்கையைத் தாண்டிப் போற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கிண்டி, பொறியியல் மாணவர்: பிரவுசர்ல ஆட்-ஆன் நிறைய போட்டிருக்கேன். கிவி பிரவுசர் வேற வெச்சிருக்கேன். ஆட்-ஆன் தானா அப்டேட் ஆகிடும்ல, நான் எதுக்குக் கவலைப்படணும்? இன்னொண்ணு, பழைய ஃபோன்ல லீனியேஜ் ஓஎஸ் போட்டா எல்லாம் சரியாகிடுமா?

கிவி 2025 ஜனவரிலயே மூடிட்டாங்க தம்பி. ஆண்ட்ராய்டுல குரோம் எக்ஸ்டென்ஷன் ஓட்ட அது நல்ல வழியா இருந்தது, செஞ்சவர் போதும்னு நிறுத்திட்டார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நின்ன பிரவுசர்ல பாஸ்வேர்டை வெச்சுட்டு உக்காந்திருக்காதே.

தானா அப்டேட் ஆகிடும்ங்கறது சரி, அதுலயே ஒரு கத்தியும் இருக்கு. கம்ப்யூட்டர் குரோம்ல த கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷன், ரொம்ப பேர் வெச்சிருந்தது. 2020ல எழுதினவர் அதை வேற யாருக்கோ வித்துட்டார். வாங்கினவங்க கை வெச்சதுல, 2021 பிப்ரவரில இது மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர்னு கூகுளே எடுத்துப் போட்டாங்க. நடுவுல போட்டிருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டு ஓனர் மாறினது வாடகைக்காரனுக்குத் தெரியாத மாதிரி. அதனால எத்தனை இருக்குங்கறதைக் குறை. நான் வெச்சிருக்கறது ரெண்டே ரெண்டு.

லீனியேஜ்ங்கறது ஃபோன் கம்பெனி இல்லாம வெளி ஆளுங்க தச்சுக் குடுக்கற ஆண்ட்ராய்டு, அதைப் போட்டா புது ஆண்ட்ராய்டு கிடைக்கும், உன் மாடலுக்கு ஆள் இருந்தா. அதைப் பாத்துக்கறவங்க தன்னார்வலர்ங்க. அன்னைலேர்ந்து யார் பொறுப்புன்னு யாரையும் கேக்க முடியாது, நீதான். பேங்க் ஆப் நிறைய மொரண்டு பிடிக்கும். உன் ஃபோன்ல பண்ணிக்கோ, அம்மா ஃபோன்ல பண்ணாதே.

கொடுங்கையூர், பாட்டி சார்பா பேத்தி: பாட்டியோட 2015 ஃபோனுக்கு இனிமே எந்த அப்டேட்டும் வராதுன்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா பாட்டி அதைத் தர மாட்டேங்கறாங்க. எதுக்குதான் அதை உபயோகிக்கலாம்?

எஃப்எம் இருந்தா பாட்டு கேக்கச் சொல்லுங்க. சிம்மையும் கூகுள் அக்கவுண்டையும் எடுத்துடுங்க, வைஃபையை அணைச்சுடுங்க. ஹெட்ஃபோன் ஒயர் மட்டும் சொருகி இருக்கணும், அதான் ஆன்டெனா.